போன் வெளிச்சத்தைக் குறைத்தால் தலை வலிக்கிறதா? மினுக்கும் திரையைக் கண்டுபிடிக்கவும் சமாளிக்கவும் ஒரு வழிகாட்டி

ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, போன் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவைத்துப் படிக்கிறீர்கள். கால் மணி நேரத்தில் புருவத்துக்கு மேல் ஒரு இறுக்கம். அப்புறம் கண்ணுக்குப் பின்னால் குடைச்சல், நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று ஒரு தெறிப்பு. போனைக் கீழே வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் அதே போனைப் பார்த்தால் இவ்வளவு தொல்லை இல்லை. முன்பு வைத்திருந்த பழைய போனில் இது வந்ததே இல்லை. புதுப்போன் வாங்கிய பிறகுதான் ஆரம்பித்தது.

இதெல்லாம் உங்களுக்கு அப்படியே பொருந்துகிறதென்றால், உங்கள் திரையின் மினுக்கல் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கும் இந்தத் தொந்தரவு உண்டு. மதுரையில் கோடைக்காலத்தில் பாதிப் பேர் ராத்திரியில் மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் படுப்பவர்கள்; கையில் போன், சுற்றிலும் இருட்டு. மாட்டுத்தாவணியில் சென்னை பஸ் ஏறினால், விளக்கை அணைத்ததும் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு குட்டி வெளிச்சம். விடியும் முன்பே பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பும் விவசாயி, மல்லிகை விலையை வாட்ஸ்அப்பில் பார்ப்பதும் இருட்டில்தான். மினுக்கல் அதிகம் தாக்குவது சரியாக இந்த நேரங்களில். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

"வெளிச்சத்தைக் குறைத்து வை, கண்ணுக்கு நல்லது" என்று வீட்டில் சொல்வார்கள், கடையிலும் சொல்வார்கள். பழைய வகைத் திரைகளுக்கு அது சரி. இன்று பல போன்களில் இருக்கும் அமோலெட் திரைக்கு அது பல நேரம் நேர்மாறு. வெளிச்சத்தை இறக்க இறக்க மினுக்கல் கடுமையாகிறது.

திரை எப்படி மங்குகிறது

எல்சிடி திரைக்குப் பின்னால் தனியாக ஒரு விளக்குத் தகடு இருக்கிறது. அதற்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்தால் திரை மங்கும். பெரும்பாலான எல்சிடி போன்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன (சில எல்சிடிகளும் மினுக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்). அமோலெட்டில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் ஒரு சிறு விளக்கு. மின்சாரத்தை ரொம்பவும் குறைத்தால் இந்தப் புள்ளிகள் ஒரே சீராக எரியாது. ஒரு பக்கம் பச்சை தட்டும், ஒரு பக்கம் திட்டுத்திட்டாகத் தெரியும், நிறம் மாறும். அதைத் தவிர்க்கத் தயாரிப்பாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். புள்ளிகளைப் பிரகாசமாகவே எரியவிட்டு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். எரியும் நேரம் கூடினால் பிரகாசம், அணைந்திருக்கும் நேரம் கூடினால் மங்கல். சுவரில் இருக்கும் சுவிட்சை ஒருவர் அசுர வேகத்தில் தட்டிக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெயர் பிடபிள்யூஎம் (பல்ஸ் விட்த் மாடுலேஷன்).

பல சாம்சங் அமோலெட் போன்களில் நெடுங்காலமாக இது நொடிக்கு 240 தடவையை ஒட்டி இருந்தது. 2017இல் வந்த ஐபோன் எக்ஸ்தான் ஓலெட் திரையோடு (அமோலெட்டும் இந்த வகைதான்) வந்த முதல் ஐபோன். அதிலும் ஏறக்குறைய இதே வேகம். பின்னர் வந்த சில மாடல்களில் 480ஐ ஒட்டி உயர்ந்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர் நடுவுக்கு மேலே இருக்கும்போது அணைந்திருக்கும் இடைவெளி சிறியது. அடிமட்டத்தில் நிலைமை வேறு: ஒரு நொடியின் பெரும்பகுதி திரை இருட்டாகவே இருக்கிறது, நடுநடுவே பளிச் பளிச்சென்று வந்துபோகிறது. உங்களுக்கு அது அமைதியான மங்கல் வெளிச்சமாகத் தெரிகிறது. விழித்திரைக்குப் போய்ச்சேருவது அந்தத் துடிப்பு.

கண்ணை அசைக்காமல் பார்த்தால் இந்த வேகத்தில் மினுக்கல் தெரியாது. ஆனால் படிக்கும்போது கண் அசையாமலா இருக்கிறது? வரியில் தாவித் தாவித்தான் போகிறது. அப்படித் தாவும் கணத்தில் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை துடிக்கும் வெளிச்சம் விழித்திரையில் வரிசையாகப் புள்ளி வைத்தாற்போல் விழுகிறது. பலருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு, முக்கியமாக ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு, தாங்குவதில்லை. வீட்டில் நாலு பேர் ஒரே மாதிரி போன் வைத்திருந்து ஒருவருக்கு மட்டும் தலை வலித்தால், "உனக்கு மட்டும் எப்படி?" என்று கேட்பார்கள். அது மனப்பிரமை அல்ல. உடம்புக்கு உடம்பு வேறுபடும், அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத மினுக்கல் தலைவலி தரும் என்பது செல்போனுக்கு முன்பே பார்த்த விஷயம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த பழைய டியூப் லைட் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை, ஆக நொடிக்கு 100 தடவை துடிக்கும். பிரிட்டனில் ஆராய்ச்சியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸும் அவருடன் இருந்தவர்களும் ஓர் அலுவலகத்தில் இப்படித் துடிக்கும் டியூப் லைட்டையும், மிக வேகமாகத் துடிக்கும் எலக்ட்ரானிக் சோக் லைட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எந்த லைட் எரிகிறது என்று வேலை செய்பவர்களுக்குச் சொல்லவில்லை. 1989இல் வெளியான அந்த ஆய்வில், எலக்ட்ரானிக் சோக் லைட்டின் கீழே தலைவலியும் கண்சோர்வும் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கின.

2015இல், மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ, எல்இடி விளக்குகளுக்கு ஒரு பரிந்துரை வெளியிட்டது. போனுக்காக எழுதியது அல்ல, ஆனால் கணக்கு பயன்படும். நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற ஹெர்ட்ஸ் எண்ணை 0.08ஆல் பெருக்கினால் வருவது, ஆபத்துக் குறைவு என்று ஏற்கக்கூடிய வெளிச்ச ஏற்ற இறக்கத்தின் சதவீதம். 240 ஹெர்ட்ஸுக்கு 19 சதவீதம் சொச்சம். குறைந்த வெளிச்சத்தில் அமோலெட் முழுக்க எரிந்து முழுக்க அணைவதால் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட 100 சதவீதம். 1250 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அந்தப் பரிந்துரையில் குறைந்த ஆபத்துக்கான வரம்பு இல்லை. 3000ஐத் தாண்டினால் பாதிப்பே எதிர்பார்க்கவில்லை. போன் வாங்கும்போது இந்த இரண்டு எண்களையும் மனதில் வையுங்கள்.

முதல் வேலை: கண்ணைக் காட்டிவிடுங்கள்

போனைக் குறை சொல்வதற்கு முன் கண்ணைச் சோதித்துக்கொள்வது முக்கியம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கலாம். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறீர்களா என்று கவனியுங்கள். சின்ன வயசுக்காரர்களுக்குச் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) இருந்தும் தெரியாமல் இருக்கும். எழுத்தைக் கூர்மையாக்கப் பார்த்துப் பார்த்தே தலை வலிக்கும். இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் சேர்ந்து குவியச் சிரமப்படுவதும் இதே மாதிரி வலி தரும். இவற்றில் எதற்கும் திரையை மாற்றிப் பயனில்லை.

மதுரைக்காரர்களுக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணாநகரில் இருக்கிறது. சுற்றுவட்டார ஊர்களில் அவர்களுடைய விஷன் சென்டர்களும் உண்டு. அரசு ராஜாஜி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. போகும்போது "போன் பார்த்தால் தலை வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்த நேரத்தில், எவ்வளவு நேரத்துக்குப் பிறகு, எந்த இடத்தில் வலிக்கிறது, மங்கல் வெளிச்சத்தில் கூடுகிறதா என்று சொல்லுங்கள். படிக்கும் தூரத்துக்கும் பவர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று, இதுவரை வராத கடுமையோடு வரும் தலைவலி. பார்வை மங்குவது அல்லது இரட்டையாகத் தெரிவது. கண் சிவந்து வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியும் வருவது. கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் போன் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்து: வீட்டிலேயே ஒரு சோதனை

கண்ணில் கோளாறு இல்லை, அல்லது கண்ணாடி போட்டும் வலி போகவில்லை. சரி, இப்போது திரையைப் பார்ப்போம். இதற்குக் காசு செலவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி, இருட்டறை, இன்னொரு போன் போதும்.

ராத்திரி அறை விளக்கையெல்லாம் அணையுங்கள். இது கட்டாயம், டியூப் லைட் எரிந்தால் அதன் துடிப்பும் சேர்ந்து குழப்பிவிடும். போனில் வெள்ளையாக ஒரு பக்கத்தைத் திறங்கள், எழுத்தில்லாத நோட்ஸ் பக்கம் இருந்தாலும் சரி. தானாக வெளிச்சம் மாறும் அமைப்பை நிறுத்திவிட்டு ஸ்லைடரைக் கால்வாசிக்கு இறக்குங்கள். இப்போது ஈர்க்குச்சியைத் திரைக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்து, விசிறுவது மாதிரி வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். பார்வை குச்சியைத் துரத்தக் கூடாது, திரையிலேயே நிற்கட்டும்.

மினுக்கல் இல்லாத திரையில் குச்சி ஒரு மங்கலான புகைப்பட்டையாகக் கலைந்து தெரியும். மெதுவாக மினுக்கும் திரையில் தனித்தனிக் குச்சிகளாக, விசிறி மடிப்பு மாதிரி வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு குச்சியும் ஒரு தடவை எரிந்த வெளிச்சத்தில் பதிந்தது. குச்சிகள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு மெதுவான துடிப்பு. இப்போது கையை நிறுத்தாமல் ஸ்லைடரை மெல்ல மேலே ஏற்றுங்கள் (பக்கத்தில் ஒருவர் இருந்தால் வசதி). ஒரு இடத்தில் குச்சிகளின் விளிம்பு கலைய ஆரம்பித்து, பிறகு ஏறக்குறைய ஒரே பட்டையாகிவிடும். சில போன்களில் பாதியைத் தாண்டினால் இப்படி ஆகும், சிலவற்றில் முக்காலைத் தாண்ட வேண்டும், சிலவற்றில் கடைசிவரை ஆகவே ஆகாது. எந்த இடத்தில் கலைகிறது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனுக்கான எல்லைக்கோடு அதுதான். பின்னால் செய்யப்போகும் எல்லா மாற்றமும், ஸ்லைடரை அந்தக் கோட்டுக்கு மேலே வைத்திருப்பதற்காகத்தான்.

இன்னும் தெளிவாகப் பார்க்கக் கேமரா உதவும். இன்னொரு போனின் கேமராவில் ப்ரோ மோட் போய், ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கோ அதற்கும் வேகமாகவோ வைத்து உங்கள் திரையைக் காட்டுங்கள். படம் இருட்டாக இருந்தால் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ளலாம். அகலமான கறுப்புப் பட்டைகள் சிலவே தெரிந்தால் வேகம் குறைவு. நெருக்கமாக, நூல் நூலாகப் பல கோடுகள் தெரிந்தால் வேகம் அதிகம். பட்டையே இல்லை, அல்லது ஒரே ஒரு மெல்லிய கோடு மட்டும் நகர்கிறது என்றால் கவலையில்லை. அமோலெட் ஒவ்வொரு படத்தையும் புதுப்பிக்கும்போது வருவது அந்த ஒற்றைக் கோடு. ப்ரோ மோட் இல்லாத போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். பட்டைகளின் எண்ணிக்கை கேமராவுக்குக் கேமரா மாறும் என்பதால், இரண்டு திரைகளை ஒப்பிடுவதென்றால் ஒரே கேமராவில் எடுக்க வேண்டும்.

செட்டிங்ஸில் என்ன மாற்றலாம்

மினுக்கல் உறுதியாகிவிட்டால், முதலில் போனிலேயே தீர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். செட்டிங்ஸுக்கு மேலே இருக்கும் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ஃப்ளிக்கர் என்றும், பிறகு டிம்மிங் என்றும் தட்டுங்கள். ஷாவ்மி, ரியல்மி, ஒன்பிளஸ், மோட்டோரோலா ஆகியவற்றின் பல மாடல்களில் டிசி டிம்மிங், ஆன்டி ஃப்ளிக்கர், ஃப்ளிக்கர் ப்ரிவென்ஷன் என்று ஏதோ ஒரு பெயரில் இது ஒளிந்திருக்கும். தானாக ஆன் ஆகியிருக்காது. நாம்தான் போட வேண்டும். போட்ட பிறகு ஈர்க்குச்சிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். நிறம் லேசாக மாறலாம், சாம்பல் நிறப் பக்கங்களில் திட்டு தெரியலாம். தலைவலிக்கு அது எவ்வளவோ மேல். 2025இல் வந்த ஐபோன் 17 வரிசையில் அக்சஸிபிலிட்டியில், டிஸ்ப்ளே பகுதிக்குள், டிஸ்ப்ளே பல்ஸ் ஸ்மூத்திங் என்ற பெயரில் இதே வேலையைச் செய்யும் சுவிட்ச் இருக்கிறது.

அப்படி எதுவும் இல்லாத போன் என்றால் இன்னொரு வழி. எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். ஸ்லைடரை நீங்கள் குறித்துவைத்த எல்லைக்கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். பிறகு ஆண்ட்ராய்ட் 12 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள பல போன்களில் எக்ஸ்ட்ரா டிம், ஐபோனில் ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட் ஆகியவற்றைப் போடுங்கள். இரண்டும் அக்சஸிபிலிட்டிக்குள் இருக்கும். இவை விளக்கை அணைத்து மங்க வைப்பதில்லை. படத்தின் நிறங்களையே அடக்கிக் காட்டுகின்றன. திரை மங்கலாகத் தெரியும், ஆனால் துடிப்பின் இருட்டு இடைவெளி கூடாது. எக்ஸ்ட்ரா டிம்மை மேலிருந்து இழுக்கும் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், ராத்திரி ஒரு தட்டு, காலையில் ஒரு தட்டு, முடிந்தது. மொட்டை மாடிக்கும் ராத்திரி பஸ்ஸுக்கும் இது ஏற்ற வழி. தானாக வெளிச்சம் மாறும் அமைப்பு நின்றே இருக்கட்டும். இல்லாவிட்டால் இருட்டைக் கண்டதும் அது ஸ்லைடரைக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிடும்.

டார்க் மோட் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அது துடிப்பை நிறுத்தாது. மொத்த வெளிச்சம் குறைவதால் சிலருக்கு இதம். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கசிந்து பரவித் தெரியும். அவர்கள் வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தோடு இருப்பதே நல்லது. நீல ஒளி வடிகட்டி, ப்ளூ கட் கண்ணாடி இரண்டும் மினுக்கலை ஒன்றும் செய்யாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டுத் தொகுப்பு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் ப்ளூ கட் கண்ணாடி குறுகிய கால கண்சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. கண்ணாடிக் கடையில் அதற்கென்று கூடுதலாகக் கேட்டால், இந்தத் தலைவலிக்காகக் கொடுக்கத் தேவையில்லை.

ஸ்க்ரோல் செய்யும்போது தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் அனிமேஷனை நிறுத்திப் பாருங்கள், அதுவும் அக்சஸிபிலிட்டியில்தான். எழுத்தை இரண்டு படி பெரிதாக்குங்கள்.

அறை விளக்கையும் விடாதீர்கள்

செலவில்லாத மருந்து ஒன்று: இருட்டில் போன் பார்க்காமல், அறையில் ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு பார்ப்பது. அறை வெளிச்சமாக இருந்தால் ஸ்லைடரை ஏற்றினாலும் கண் கூசாது. ஆனால் அந்த விளக்கே மினுக்கும் விளக்காக இருந்தால் ஒன்று போய் இரண்டாகிவிடும். மலிவான எல்இடி பல்புகள் பலவும் பழைய டியூப் லைட் மாதிரியே நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன. போன் கேமராவில் அதே ஷட்டர் வேகத்தோடு பல்பையோ அதன் வெளிச்சம் படும் சுவரையோ காட்டுங்கள். பட்டை பட்டையாக ஓடினால் அந்தப் பல்பைப் படிக்கும் மேசையிலிருந்து மாற்றிவிடுங்கள். புதுப் பல்பு வாங்கும்போது கடையில் எரியவிட்டுக் காட்டச் சொல்வார்கள் அல்லவா, அந்த நேரத்திலேயே கேமராவைக் காட்டிவிடலாம். வீட்டில் இன்னும் சோக் வைத்த டியூப் லைட் இருந்தால் எலக்ட்ரானிக் சோக்குக்கு மாற்றச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனுக்குச் சின்ன வேலை.

கண் வறட்சியும் இதோடு சேர்ந்துகொள்ளும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நம் ஊர் வெக்கையில் மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்கும்படி படுத்தால் கண் இன்னும் காயும். தலைமாட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். போனை ஒரு முழ தூரத்தில் பிடியுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடிக்கு அப்பால் இருபது நொடி பார்க்கச் சொல்வார்கள். ஒத்தக்கடைப் பக்கம் இருப்பவர்கள் மாடிக்குப் போனால் யானைமலையே இருக்கிறது, அதைப் பாருங்கள்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் பிடிஎஃப் முழுவதையும் போனிலேயே படிப்பதைப் பார்க்கிறேன். முடிந்தவரை பிரின்ட் எடுத்துப் படியுங்கள். நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது; அச்சுப் புத்தகத்தில் படிக்கக்கூடியதைப் போனில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள்

புதுப்போன் வாங்கும் முடிவுக்கு வருவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். வீட்டில் பழைய எல்சிடி போன் ஒன்று மூலையில் கிடக்கும். சிம்மை அதில் போட்டு ஒரு வாரம் அதையே பயன்படுத்துங்கள். அடுத்த வாரம் மறுபடி இப்போதைய போன். ஒவ்வொரு நாளும் தலைவலி வந்ததா, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் போன் பார்த்தீர்கள், நன்றாகத் தூங்கினீர்களா, வெயிலில் அலைந்தீர்களா என்று ஒரு வரி எழுதிவையுங்கள். தண்ணீர் குடிக்காமல் சித்திரை வெயிலில் சுற்றினால் எந்தப் போன் பார்த்தாலும் தலை வலிக்கும், அதனால்தான் இதையெல்லாம் எழுதச் சொல்கிறேன். இரண்டு வாரமும் ஒரே மாதிரி வலித்தால் குற்றவாளி திரை அல்ல. மருத்துவரிடம் அந்தக் குறிப்பேட்டோடு போங்கள். எல்சிடி வாரத்தில் வலி தெளிவாகக் குறைந்திருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

கடையில் என்ன கேட்பது

டவுன்ஹால் ரோட்டில் எந்தப் போன் கடைக்குப் போனாலும் பேச்சு இப்படித்தான் போகும்.

"தம்பி, இது எல்சிடியா, அமோலெட்டா?"

"அமோலெட்ணே. 120 ஹெர்ட்ஸ். கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கும்ணே."

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, வேறு எண்ணைச் சொல்கிறார். 60, 90, 120 என்று சொல்வது படம் நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்பது. நமக்கு வேண்டியது பிடபிள்யூஎம் எத்தனை ஹெர்ட்ஸ் என்பது. பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், பெருமைப்படும் அளவுக்கு இருந்தால் போட்டிருப்பார்கள். ஹானர் 90இல் 3840, ஒன்பிளஸ் 12லும் நத்திங் 2ஏவிலும் 2160 என்று அறிவித்தார்கள். முன்னே சொன்ன 1250, 3000 ஆகிய எண்களோடு இவற்றை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத அமோலெட் போன் என்றால் வேகம் குறைவு என்றே வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். சான்றிதழ்களிலும் கவனம் வேண்டும்: லோ ப்ளூ லைட் சான்று வேறு, ஃப்ளிக்கர் ஃப்ரீ சான்று வேறு.

எல்சிடி வேண்டுமென்றால் விலை குறைந்த போன்களில் இன்னும் கிடைக்கிறது. விவரத் தாளில் ஐபிஎஸ், பிஎல்எஸ், டிஎஃப்டி என்று போட்டிருந்தால் எல்சிடி. அமோலெட், ஓலெட், பிஓலெட் எல்லாம் மற்ற வகை. எல்சிடி என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். சிலவற்றில் பின்விளக்கையே அணைத்து அணைத்து மங்க வைக்கிறார்கள்.

டெமோ பீஸ் எப்போதும் முழு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருக்கும், கடை விளக்கும் கண்ணைப் பறிக்கும். அந்த நிலையில் எல்லாத் திரையும் நன்றாகத்தான் இருக்கும். ஸ்லைடரைக் கால்வாசிக்கு இறக்கி, வெள்ளைப் பக்கம் திறந்து, கையால் மறைத்து நிழல் பண்ணிக்கொண்டு உங்கள் போன் கேமராவில் பாருங்கள். ஷட்டர் வேகத்தை வீட்டிலேயே அமைத்துக்கொண்டு போனால் கடையில் தடுமாற வேண்டாம். ஆன்டி ஃப்ளிக்கர் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டும் பாருங்கள். பிறகு அதே வெளிச்சத்தில் ஒரு பத்து நிமிடம் எதையாவது படியுங்கள். கடைக்காரர்கள் அவசரப்படுத்தினால், "தலைவலி வருதுண்ணே, பாத்துத்தான் வாங்கணும்" என்று நேராகவே சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். பில் போடும் முன்பே, ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள், பெட்டியைப் பிரித்தாலும் ஏற்பார்களா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால், திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகத் திருப்பி எடுப்பார்களா என்று ஆர்டர் போடும் முன் படித்துவிடுங்கள். பல இடங்களில் பழுதுக்கு மட்டும்தான் மாற்றித் தருகிறார்கள்.

உடைந்த திரையை மாற்றுபவர்களுக்கு ஒரு விஷயம். சர்வீஸ் கடையில் காம்போ (மேல் கண்ணாடியும் திரையும் சேர்ந்த பாகம்) மாற்றும்போது ஒரிஜினல், காப்பி என்று இரண்டு மூன்று விலை சொல்வார்கள். காப்பி காம்போவின் மங்கும் முறை ஒரிஜினலிலிருந்து வேறாக இருக்கலாம். அமோலெட் இருந்த இடத்தில் எல்சிடி காம்போ போடுவதும் உண்டு. அதனால் தலைவலி குறையவும் செய்யலாம், கூடவும் செய்யலாம். எந்த வகை போடுகிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். காம்போவை ஒட்டும் முன் கனெக்டரில் மாட்டி எரியவிட்டுத்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஸ்லைடரைக் கால்வாசிக்கு இறக்கச் சொல்லி, உங்கள் கேமராவில் பட்டை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு மாற்றித் தர மாட்டார்கள்.